ஐஸை ஏமாத்துற ஆளுங்க!

வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கிற ஃப்ரெண்ட்ஸ், இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. நல்லா கெட்டியான தக்காளி ஒண்ணை எடுத்து ஃப்ரீசர்ல வெச்சுட்டுத் தூங்கப் போயிடுங்க. காலையில எடுத்தா கிரிக்கெட் பால் மாதிரி கல்லாட்டம் இருக்கும். அதை அப்படியே வெளியே வெச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சுத் தொட்டுப் பாருங்க. கொழகொழன்னு கையோட வரும்! அம்மா ரசம் வைக்கத்தான் லாயக்கு.

என்ன நடந்தது? தக்காளிக்குள்ளே இருந்த தண்ணி ஐஸ் ஆனது. உறைஞ்சா தண்ணி சுமார் 9 சதவிகிதம் பெருசாகும்னு ஸ்கூல்லயே படிச்சிருக்கோம். அதைவிட மோசமான வேலை ஒண்ணு இருக்கு. மெதுவா உறையும்போது ஐஸ் பெரிய பெரிய படிகமா வளரும். வளர்ற படிகம் பக்கத்து செல்லுல இருக்கிற தண்ணியையும் உறிஞ்சி இழுக்கும். செல்லோட சுவரைக் குத்திக் கிழிக்கும். மேலே பார்த்தா பளபளன்னு இருக்கிற தக்காளிக்கு உள்ளே எல்லாம் குளோஸ்!

இப்போ தக்காளி இருக்கிற இடத்துல ஒரு எலியோட மூளையை வெச்சு யோசிங்க. இல்லேன்னா, ஆபரேஷன் தியேட்டர்ல மயக்கத்துல படுத்திருக்கிற ஒருத்தரோட கட்டியிலிருந்து வெட்டி எடுத்த சின்னத் துண்டு. அதை உறைய வைக்கணும். உறைஞ்சதை ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு தடிமனுக்குச் சீவணும். சீவினதை மைக்ரோஸ்கோப்ல வெச்சா ஒவ்வொரு செல்லும் உசுரோட இருந்தப்போ எப்படி இருந்ததோ அப்படியே தெரியணும். தக்காளிக்கு ஆன கதி அதுக்கு ஆகக் கூடாது.

உலகம் பூரா லேப்கள்ல தினமும் இதைச் செய்றாங்க. அவங்க எப்படி ஐஸை ஏமாத்துறாங்க என்பதுதான் இந்தக் கட்டுரை. ‘அது பயோ பசங்க சமாசாரம், நமக்கெதுக்கு பாஸ்?’னு இன்ஜினீயரிங் மக்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். நானும் மெக்கானிக்கல்தான். படிக்கப் படிக்க, நம்ம செமஸ்டர் பேப்பர் பாதி இதுக்குள்ளே இருக்கு!

உதவிக்கு வர்றவனே வில்லன்

முதல்ல, எதுக்கு உறைய வைக்கணும்? ரொம்ப சிம்பிள். தயிரைக் கத்தியால ஸ்லைஸ் போட முடியுமா? உடம்புத் திசு கிட்டத்தட்ட அந்த ரகம். முக்கால்வாசி தண்ணி. பிளேடு பட்டா நசுங்கும், வழுக்கும், கிழியும். மெல்லிசா சீவணும்னா முதல்ல கெட்டிப்படுத்தணும்.

அதுக்கு ஒரு பழைய வழி மெழுகு. திசுவை ஃபார்மலின்ல ஊறப் போட்டு, ஆல்கஹால்ல தண்ணியை எல்லாம் வெளியேத்தி, சைலீன்ல முக்கி, கடைசியா 60 டிகிரி சூட்டுல உருக்கின பாரஃபின் மெழுகை உள்ளே ஏத்துவாங்க. அருமையா சீவலாம். ஆஸ்பத்திரிகள்ல இன்னிக்கும் பெரும்பாலான பயாப்ஸி இப்படித்தான். ஆனா ராத்திரி முழுக்க வேலை. ஆல்கஹாலும் சைலீனும் திசுவில் இருக்கிற கொழுப்பைக் கரைச்சுக் கொண்டு போயிடும். சூட்டுல பல என்சைம்கள் செத்துப் போகும்.

ரெண்டாவது வழிதான் குளிர். வெளியிலிருந்து எதையும் ஊத்த வேண்டாம். உள்ளே இருக்கிற தண்ணியே உறைஞ்சு மெழுகு வேலையைப் பார்க்கும். சில நிமிஷத்துல துண்டு சீவ ரெடி. கொழுப்பு அங்கேயே இருக்கும், என்சைமும் அங்கேயே இருக்கும். சிக்கல் என்னன்னா, உதவிக்கு வர்ற இதே ஐஸ்தான் செல்லைக் கிழிக்கிற வில்லனும்! உறையவும் வேணும், படிகமும் வளரக் கூடாது. கடந்த நூறு வருஷத்துக்கும் மேலாக லேப் ஆளுங்க இந்த ஒரே கேள்வியோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க.

ஜன்னலுக்கு வெளியே ஒரு லேப்

1905, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், ராச்சஸ்டர். இன்னிக்கு மேயோ கிளினிக்னு உலகமே சொல்ற ஆஸ்பத்திரியின் ஆரம்ப காலம். அங்கே சர்ஜன் வில்லியம் மேயோவுக்கு ஒரு ஆதங்கம். கட்டியை வெட்டி எடுத்தாச்சு. அது கேன்சரா இல்லையான்னு நோயாளி டேபிள்ல இருக்கும்போதே தெரிஞ்சா, இன்னும் வெட்டணுமா, தையல் போட்டுடலாமான்னு முடிவு எடுக்கலாம். நாள் கழிச்சு ரிசல்ட் வந்தா, மறுபடி மயக்க மருந்து, மறுபடி கத்தி. இதைப் புதுசா வேலைக்குச் சேர்ந்த லூயிஸ் வில்சன் என்ற பேத்தாலஜிஸ்ட்கிட்ட கேட்டார்.

அது ஜனவரி மாசம். மினசோட்டா ஜனவரின்னா நம்ம ஊர் மார்கழி மாதிரி ஸ்வெட்டர் குளிர் கிடையாது. வெளியே நின்னா மூக்கு உதிர்ந்துடும்! வில்சன் திசுத் துண்டை ஜன்னலுக்கு வெளியே வெச்சு உறைய வெச்சார், சீவினார், மெத்திலீன் ப்ளூ சாயம் போட்டுப் பார்த்தார்னு சொல்றாங்க. சில நிமிஷத்துல பதில் கிடைச்சது. அந்த வருஷ டிசம்பரிலேயே தன் முறையை அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார். இன்னிக்கும் பெரிய ஆஸ்பத்திரிகள்ல ‘ஃப்ரோஸன் செக்ஷன்’னு சொல்றது இதைத்தான். தியேட்டர்ல இருந்து துண்டு லேபுக்கு வந்து சுமார் 20 நிமிஷத்துல சர்ஜனுக்கு பதில் போயாகணும். அதுவரைக்கும் அங்கே ஒருத்தர் வயிறு திறந்தபடி காத்துக்கிட்டு இருப்பார்.

வருஷம் பூரா ஜன்னலை நம்ப முடியாதே! ஏப்ரல்ல என்ன பண்றது? அதுக்கு அழுத்தமான கார்பன் டை ஆக்ஸைடைப் பீய்ச்சி உறைய வைக்கிற கருவிகள் இருந்தன. ஆனா அதுல துண்டு மட்டும்தான் குளிரும். கத்தி ரூம் சூட்டுல இருக்கும், காத்தும் சூடு. சீவல் சீவும்போதே உருகும். ‘துண்டை மட்டும் ஏன்ப்பா குளிர வைக்கிறீங்க? கத்தி, மெஷின், காத்து எல்லாத்தையும் சேர்த்தே குளிர வெச்சா?’னு 1938-ல் வேலையை முடிச்சுக் காட்டினவங்க டென்மார்க்கின் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங், மோகன்சன் ரெண்டு பேரும். அவங்க வேலை பார்த்த இடம் கோபன்ஹேகன்ல இருக்கிற கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடம். ஆமாம் மச்சி, அதே பீர் கம்பெனி கார்ல்ஸ்பெர்க்தான்! நாம கெமிஸ்ட்ரி லேப்ல பயன்படுத்துற பி.ஹெச். அளவுகோலும் 1909-ல் இதே இடத்துல பிறந்ததுதான். (வாத்தியார்கிட்ட இதைச் சொல்லி வேற எந்த சலுகையும் கேட்காதீங்க.)

ஃப்ரிட்ஜுக்குள்ளே ஒரு லேத்

அந்த மெஷினோட இன்னிக்கு அவதாரம் பேர் கிரையோஸ்டாட். ஒரு ரிசர்ச் லேப்ல கிட்டத்தட்ட ஒரு மதியம் முழுக்கப் பக்கத்துல நின்னு பார்த்தேன். பார்க்க ஐஸ்க்ரீம் கடை ஃப்ரீசர் மாதிரி மேலே கண்ணாடிக் கதவு. உள்ளே மைனஸ் 20 டிகிரி. குளிர வைக்கிறது நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரியே கம்ப்ரஸர்தான். உள்ளே ஒரு மைக்ரோடோம். அதாவது, திசுத் துண்டைப் பிடிச்சுக்கிற ஒரு தலை, அசையாம நிக்கிற ஒரு பிளேடு. வெளியே பக்கவாட்டுல ஒரு சக்கரம். ஒரு சுத்து சுத்தினா துண்டு மேலே போய்க் கீழே இறங்கும்போது பிளேடுல உரசி ஒரு சீவல் விழும். அடுத்த சுத்துக்குள்ளே துண்டு சரியா 10 மைக்ரான் முன்னாடி நகர்ந்திருக்கும். நம்ம தலைமுடி தடிமனே 70, 80 மைக்ரான் இருக்கும். கணக்குப் போட்டுக்குங்க.

துண்டைத் தனியா வெச்சா பிடிக்க முடியாது. அதனால ஓ.சி.டி.ன்னு ஒரு கோந்து மாதிரி திரவத்துல புதைச்சு உறைய வைப்பாங்க. உறைஞ்சதும் வெள்ளையா ஒரு கட்டி. அந்தக் கட்டியை ஒரு உலோக வட்டுல ஒட்டி மெஷின்ல பூட்டினா வேலை ஆரம்பம்.

அங்கேதான் வேடிக்கை. சீவல் விழுந்ததும் சும்மா இருக்காது, சுருளும். ஆசாரி இழைப்புளி போடும்போது மரச்சுருள் வருமே, அச்சு அசல் அதே மாதிரி! சுருண்டா மைக்ரோஸ்கோப்ல வைக்க முடியாது. அதுக்குப் பிளேடு மேலே மயிரிழை இடைவெளியில ஒரு கண்ணாடித் தகடு. அதுக்கும் பிளேடுக்கும் நடுவுல சீவல் தட்டையா வழுக்கிக்கிட்டு வரும். அந்தத் தகட்டோட உயரம் கொஞ்சம் தப்பினா, சீவல் நொறுங்கிக் கசங்கிடும். லேப்ல இருந்த பிஹெச்.டி. அக்கா இந்தத் தகட்டை சரி பண்றதுக்கே கால் மணி நேரம் எடுத்தாங்க. இந்த மெஷின்ல கத்துக்கிட்டது என்னன்னு கேட்டேன். பொறுமைன்னு சொல்வாங்கன்னு நினைச்சா, மூச்சை அடக்கக் கத்துக்கிட்டேன்னாங்க. நிஜம்தான். வாய்க் காத்து பட்டா போதும், ஈரம் ஐஸா படிஞ்சுடும், சீவல் பறந்துடும்.

அடுத்து இன்ஜினீயரிங் மக்கள் காதைத் தீட்டிக்குங்க. பிளேடை எந்தக் கோணத்துல சாய்க்கணும்னு ஒரு ஸ்க்ரூ இருக்கு. க்ளியரன்ஸ் ஆங்கிள்! ஒர்க்ஷாப்ல லேத் டூலுக்குப் படிச்சோமே, அதேதான். கோணம் குறைஞ்சா துண்டு பிளேடோட முதுகுல தேயும். ஏதாவது ஒரு நட்டு லூஸா இருந்தா சீவல்ல வரி வரியா கோடு விழும். ஜன்னல் பிளைண்ட் மாதிரி ஒரு இடம் தடிமன், ஒரு இடம் மெல்லிசு. அதுக்கும் நம்ம பேர்தான்: சாட்டர். லேத்ல இரும்பு கடையும்போது வர்ற அதே அதிர்வு எலி மூளையிலயும் வருது!

வெப்பநிலையும் ‘மைனஸ் 20, முடிஞ்சது’ன்னு கிடையாது. ரொம்பக் குளிர்ந்தா துண்டு சாக்பீஸ் மாதிரி வெடிச்சு உதிரும். கொஞ்சம் சூடானா வெண்ணெய் மாதிரி பிளேடுல அப்பும். மூளைக்கு மைனஸ் 15 பக்கம் சரிப்படும். கொழுப்பு நிறைஞ்ச மார்பகத் திசுவுக்கு மைனஸ் 30 வேணும், ஏன்னா கொழுப்பு மைனஸ் 20-லயும் முழுசா கெட்டியாகாது. எந்தத் திசுவுக்கு எவ்வளவுன்னு சுவத்துல சார்ட் ஒட்டியிருக்கு. ஆனாலும் கை அனுபவம்தான் கடைசித் தீர்ப்பு.

நல்ல சீவல் கிடைச்சதும் நடக்கிறதுதான் எனக்குப் பிடிச்ச சீன். ரூம் சூட்டுல இருக்கிற கண்ணாடி ஸ்லைடை மெதுவா சீவல்கிட்ட கொண்டு போவாங்க. தொடுறதுக்கு முன்னாடியே சீவல் ‘டக்’னு தாவி ஸ்லைடுல ஒட்டிக்கும்! சூடான கண்ணாடியில அந்த மெல்லிசு ஐஸ் நொடியில உருகி, கோந்து போட்ட ஸ்டாம்ப் மாதிரி பிடிச்சுக்கும்.

விளையாட்டா சொன்னாலும் மெஷின் விளையாட்டு இல்லை. பிளேடு ஷேவிங் பிளேடைவிடக் கூர்மை. துண்டு மாத்தும்போது சக்கரத்தைப் பூட்டணும். பூட்டாம கையை விட்டா என்ன ஆகும்னு எழுத எனக்கே கை நடுங்குது. இன்னொண்ணு, உறைய வெச்சா கிருமி செத்துடும்னு நினைக்காதீங்க. காசநோய்க் கிருமி, மஞ்சள் காமாலை வைரஸ் எல்லாம் குளிர்ல ஜம்முனு தூங்கும், உருகினா எழுந்துக்கும். சீவும்போது உதிர்ற தூள்லயும் அது இருக்கலாம். அதனால மனுஷத் திசு சீவுறவங்க கையுறை, மாஸ்க் இல்லாம கதவைத் திறக்கறதே இல்லை.

தோசைக்கல் பாடம்

இதுவரைக்கும் சீவுற கதை. உண்மையான போட்டி சீவுறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். ஐஸ் படிகம் வளர டைம் வேணும். டைமே கொடுக்காம ‘சட்’டுனு உறைய வெச்சா படிகம் குட்டி குட்டியா நின்னுடும், செல் தப்பிச்சுடும். குல்ஃபிக்காரர் நல்லா உறைய வெச்சா வாயில மழமழன்னு கரையுது, வீட்டு ஃப்ரீசர்ல மெதுவா உறைஞ்சா நறநறன்னு ஐஸ் கடிபடுதே, அதே கணக்கு.

சரி, திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. துண்டை அதுல நேரா போட்டா வேலை முடிஞ்சதா? இங்கேதான் எல்லாரும் ஏமாறுவோம். சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சுப் பார்த்திருக்கீங்களா? கல் நல்லா காய்ஞ்சிருந்தா துளி உடனே ஆவியாகாம உருண்டு உருண்டு டான்ஸ் ஆடும். துளிக்குக் கீழே நீராவி ஒரு மெத்தை போட்டுடுது, சூடு துளிக்குள்ளே போக விடாம தடுக்குது. இதுக்கு லைடன்ஃப்ராஸ்ட் விளைவுன்னு பேர். நைட்ரஜனுக்கு நம்ம ரூம் சூட்டுத் திசுத் துண்டுதான் தோசைக்கல்! துண்டைச் சுத்தி நைட்ரஜன் வாயு மெத்தை போட்டுக்கும். அவ்வளவு குளிருக்குள்ளே இருந்தும் துண்டு ஆற அமர உறையும். அந்த கேப்புல ஐஸ் வளர்ந்துடும்.

அதுக்கு லேப்ல ஒரு பைபாஸ் ரோடு இருக்கு. ஐசோபென்டேன்னு ஒரு திரவம். அதை நைட்ரஜன்ல வெச்சுக் குளிர வெச்சா மைனஸ் 160 வரைக்கும் உறையாம திரவமாவே இருக்கும். கொதிக்கணும்னா ப்ளஸ் 28 டிகிரி வேணும். அதனால துண்டைப் போட்டா லேசுல ஆவி வராது, மெத்தையும் போடாது, நேரா தோலோட தோலா ஒட்டி சூட்டை உறிஞ்சிடும். நைட்ரஜனைவிடக் குளிர் குறைஞ்ச ஒண்ணு அதைவிட வேகமா உறைய வைக்குது! ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல பாஸ் பண்ணினதுக்கு ஒரு பிரயோஜனம் இதுதான்னு நினைச்சேன்.

நைட்ரஜன் பத்தி ஒரு வார்த்தை. கல்ச்சுரல்ஸ்ல நைட்ரஜன் ஐஸ்க்ரீம் ஸ்டால் போட ஐடியா வெச்சிருக்கிறவங்க கவனிங்க. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானா சுமார் 700 லிட்டர் வாயு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது, இருமல் கூட வராது. மூடின ரூம்ல ஆக்ஸிஜனைத் தள்ளிட்டு அது உட்கார்ந்துக்கும், ஆள் அப்படியே சாய்ஞ்சுடுவார். அதனாலதான் நைட்ரஜன் கேனோட ஆள் லிஃப்ட்ல ஏறக் கூடாதுன்னு லேப்ல விதி.

குலாப் ஜாமூன் டெக்னிக்

இன்னொரு தந்திரம் நம்ம சமையலறையிலேயே இருக்கு. தண்ணியில சர்க்கரை நிறைய கரைச்சா ஐஸ் படிகம் சுலபமா உருவாகாது. அதனால எலி மூளையை ஃபார்மலின் வகை மருந்துல பதப்படுத்தி, 30 சதவிகித சர்க்கரைக் கரைசல்ல போட்டு வைப்பாங்க. முதல்ல மிதக்கும். ஒரு நாள், ரெண்டு நாள்ல சர்க்கரை உள்ளே ஊறினதும் அடியில போய் உட்கார்ந்துக்கும். ஜீரா குடிச்ச குலாப் ஜாமூன் மாதிரி! மூழ்கினா ரெடின்னு அர்த்தம். சத்தியமா இதுதான் அளவுகோல், மீட்டர் எதுவும் கிடையாது.

இதே சர்க்கரையை இன்னும் கெட்டியாக்கி 1973-ல் ஒரு படி மேலே போனவர் கலிஃபோர்னியா, சான் டியாகோவில் இருந்த கியோதெரு டோகுயாசு. எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு 10 மைக்ரான் சீவல் எல்லாம் செங்கல் மாதிரி. அதுக்கு ஒரு மைக்ரான்ல பத்துல ஒரு பங்குக்கும் கீழே வேணும். அவர் முறையில மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே சீவுவாங்க. அவ்வளவு மெல்லிசை எந்த பிரஷ்ஷால எடுக்க முடியும்? அவர் ஒரு குட்டிக் கம்பி வளையத்துல சர்க்கரைப் பாகு ஒரு சொட்டு எடுத்து அதாலேயே சீவலைத் தொட்டு எடுத்தார். ஐம்பது வருஷம் தாண்டியும் உலக லேப்கள்ல அந்தச் சொட்டுதான் ஓடுது.

ஐஸே இல்லாத ஐஸ்

ஐஸை ஏமாத்துறதுல உச்சம் எது தெரியுமா? ஐஸே உருவாகாம உறைய வைக்கிறது! தண்ணி மூலக்கூறுகள் வரிசையில நிக்கிறதுக்கு முன்னாடியே ‘ஃப்ரீஸ்!’ சொல்லி நிறுத்திட்டா, அது படிகமாகாம கண்ணாடி மாதிரி கெட்டியாகும். 1980-களின் தொடக்கத்துல ஜெர்மனியின் ஹைடல்பெர்க்ல இருந்த சுவிட்சர்லாந்துக்காரர் ஜாக் டுபோஷே, மெல்லிசான தண்ணிப் படலத்தைக் குளிர்ந்த ஈத்தேன்ல பாய்ச்சி இதைச் சாதிச்சார். அதுக்கு 2017-ல் கெமிஸ்ட்ரி நோபல், இன்னும் ரெண்டு பேரோட சேர்த்து. அவரோட பயோடேட்டாவைப் படிச்சுப் பாருங்க. ‘நம்பிக்கை மிகுந்த பெற்றோருக்குக் கருவானேன்’ என்ற ரீதியில ஆரம்பிச்சு, தன் மாநிலத்துல அதிகாரபூர்வமா பதிவான முதல் டிஸ்லெக்சியா மாணவன் தான்தான்னும் போட்டிருப்பார். மார்க் ஷீட் பார்த்துக் கவலைப்படுற மக்கள் ரெஸ்யூமே எழுதும்போது ஞாபகம் வெச்சுக்குங்க.

தண்ணிப் படலம் ஓகே. தடிமனான திசுவை? அதோட நடுவுல இருக்கிற சூடு வெளியே வர டைம் எடுக்குமே! அதுக்கு 2,000 மடங்கு வளிமண்டல அழுத்தத்துல நசுக்கிக்கிட்டே உறைய வைக்கிறாங்க. அவ்வளவு அழுத்தத்துல ஐஸுக்குப் பெருசாக இடமே கிடையாது. இப்படி 0.2 மில்லிமீட்டர் வரைக்கும் கண்ணாடியாக்கலாம். அதை மைனஸ் 140-க்கும் கீழே வைரக் கத்தியால சீவுவாங்க. நிஜ வைரம்! 1950-களில் வெனிசுலா விஞ்ஞானி ஹும்பெர்டோ ஃபெர்னாண்டஸ்-மோரான் கொண்டு வந்தது. டுபோஷே குழு 2004-ல் இப்படி சீவின உறைந்த செல்களை சாயம் எதுவும் போடாம நேரா எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல காட்டியது.

இவ்வளவு ஹைடெக்ல அந்தச் சீவலை நகர்த்துற கருவி எது? ஒரு குச்சி நுனியில ஒட்டின கண் இமை முடி. ஜோக் இல்லை! அதைவிட மென்மையா, கூர்மையா, வளையக்கூடியதா வேற ஒண்ணு அவங்களுக்குச் சிக்கலை. கோடிக்கணக்கான ரூபாய் மைக்ரோஸ்கோப் ஒரு பக்கம், யாரோ ஒருத்தரோட இமை முடி ஒரு பக்கம்.

அப்பவும் ஒரு குறை பாக்கி. எவ்வளவு கூர்மையா இருந்தாலும் கத்தி சீவலை அமுக்கும். வட்டமான செல் நீள்வட்டமா தெரியும். அதனால இப்போ பல லேப்கள்ல கத்தியையே தூக்கிப் போட்டுட்டு, அயனிக் கற்றையால ரெண்டு பக்கமும் செதுக்கி நடுவுல ஒரு மெல்லிசுத் தகட்டை மட்டும் மிச்சம் வைக்கிறாங்க.

53 மணி நேரம்

இதெல்லாம் யாருக்காகன்னு ஒரு கேள்வி வரும். ஹென்றி மோலைசன்னு ஒருத்தர். 1953-ல், 27 வயசுல, வலிப்பு நோயைக் குணப்படுத்த அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அவர் மூளையில ரெண்டு பக்கமும் கொஞ்சம் எடுத்தாங்க. வலிப்பு குறைஞ்சது. ஆனா அதுக்கப்புறம் புது ஞாபகம் எதுவுமே தங்கலை. காலையில பேசின டாக்டர் சாயங்காலம் வந்தா அவருக்குப் புது ஆள். 55 வருஷம் இப்படியே வாழ்ந்து, ‘ஹெச்.எம்.’ என்ற எழுத்துக்குப் பின்னால மறைஞ்சு, ஞாபகம்னா என்னன்னு உலகத்துக்கே சொல்லிக் கொடுத்தார். 2008 டிசம்பரில் 82 வயசுல இறந்தார்.

சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2009 டிசம்பர், சான் டியாகோ. ஜகோபோ அன்னீஸே என்ற விஞ்ஞானி, ஜெலட்டின்ல புதைச்சு உறைய வெச்ச அந்த மூளையைச் சீவ உட்கார்ந்தார். ஒவ்வொரு சீவலும் 70 மைக்ரான். மொத்தம் 2,401 சீவல். 53 மணி நேரம். இன்டர்நெட்ல நேரடி ஒளிபரப்பு, சுமார் 4 லட்சம் பேர் பார்த்தாங்க. அந்த 53 மணி நேரத்துல உறைநிலை கொஞ்சம் தவறியிருந்தா? இன்னொரு ஹென்றி கிடையாது. எக்ஸ்பெரிமென்டை ரிப்பீட் பண்ண முடியாது. நம்ம லேப் ரெக்கார்டுல போடுற ‘ட்ரையல் டூ’ அங்கே கிடையவே கிடையாது.

2014-ல் முடிவுகள் வந்தப்போ, பாடப் புத்தகங்கள் சொன்ன கதை கொஞ்சம் மாறியது. முழுசா எடுத்துட்டாங்கன்னு நினைச்ச ஹிப்போகாம்பஸ் பகுதியில கணிசமா மிச்சம் இருந்தது. முன்மூளையில யாரும் எதிர்பார்க்காத ஒரு சின்னக் காயமும் தெரிஞ்சது. அரை நூற்றாண்டு ஆராய்ச்சியை ஒரு தடவை திருப்பிப் படிக்க வெச்சது அந்த மெல்லிசுச் சீவல்கள்.

முழு மனுஷ மூளை ஏன் அவ்வளவு கஷ்டம்? எலி மூளை அரை கிராம். நம்மளது சுமார் 1,300 கிராம். தடிமன் ரெண்டு மடங்கானா, நடுவரை உறைய டைம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஓரம் முதல்ல கல்லாகி நிக்கும்போது, நடு அப்புறமா உறைஞ்சு பெருக்கும், ஓரம் விரிசல் விடும். ஃப்ரீசர்ல வெச்ச கண்ணாடிப் பாட்டில் மாதிரி.

அந்தச் சவாலை இப்போ கையில எடுத்திருக்கிற இடங்கள்ல ஒண்ணு நம்ம கிண்டிப் பக்கத்துலயே இருக்கு. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல 2022-ல் தொடங்கின சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். அதன் தலைவர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் எந்த டிபார்ட்மென்ட்னு நினைக்கிறீங்க? பயோ இல்லை, மெடிக்கல் இல்லை... எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்! அங்கே சீவலைக் கையால தூக்கறதில்லை. உறைஞ்ச கட்டியோட முகத்துல ஒரு டேப்பை ஒட்டிட்டு, டேப்போட சேர்த்துச் சீவி, அப்படியே கண்ணாடிக்கு மாத்துறாங்க. சீவல் சுருளாது, மடியாது.

2024 டிசம்பரில் அவங்க வெளியிட்டதுக்குப் பேர் ‘தரணி’. பிறக்காமலே போன அஞ்சு சிசுக்களோட மூளைகள், எல்லாமே கர்ப்பத்தின் நடுப்பகுதி மாதங்களைச் சேர்ந்தவை. மொத்தம் 5,132 சீவல்கள், ஒவ்வொரு செல்லும் தெரியுற அளவுக்கு டிஜிட்டலா. அம்மா வயித்துக்குள்ளே மூளை எப்படி உருவாகுதுன்னு இவ்வளவு நுணுக்கமா யாரும் காட்டினதில்லை. இத்தனைக்கும் அந்தச் சீவல்கள் ஒவ்வொண்ணும் 20 மைக்ரான். ஒரு குடும்பம் எவ்வளவு பெரிய துக்கத்துக்கு நடுவுல அதைக் கொடுத்திருக்கும்னு யோசிச்சா, கிரையோஸ்டாட் பக்கத்துல அந்த அக்கா ஏன் மூச்சை அடக்கினாங்கன்னு வேற மாதிரி புரியுது.

தரணியை யார் வேணும்னாலும் நெட்ல இலவசமா திறந்து பார்க்கலாம். பாஸ்வேர்ட் கேட்காது. ஜூம் பண்ணிக்கிட்டே போங்க. ஹாஸ்டல் வைஃபை கொஞ்சம் திணறும், பொறுத்துக்குங்க.